நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த பாடம்: மடிக்கணினி பேட்டரியின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். 2012, 2013-இல் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படித்துவிடுங்கள். உங்களுக்கு நான் சொன்ன ஒரு விஷயம் தவறு.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சு எங்கெங்கோ போய், பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினியில் வந்து நின்றது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாளாம்.

"சார், நீங்க சொன்னபடி ஒரு நாள்கூட பாதியில சார்ஜ் போட்டதில்ல. ஜீரோ வந்து தானா அணைஞ்ச பிறகுதான் போடுவேன். லீவுக்கு ஊருக்குப் போனா, காலி பண்ணி பீரோவுல வச்சிட்டுப் போவேன். அப்படியும் காலேஜ் ரெண்டாவது வருஷமே பேட்டரி போயிடுச்சு சார்."

குறையாகச் சொல்லவில்லை. வாத்தியார் சொன்னதைத் தட்டாமல் செய்த பெருமையோடு சொன்னாள். அதன் பிறகு கரண்ட் இருந்தால்தான் கணினி. அப்போது மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். புராஜெக்ட் அடித்துக்கொண்டிருக்கும்போதே பலமுறை அணைந்து போயிருக்கிறது. புது பேட்டரி வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்க மனசு வரவில்லையாம்.

எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. ஏனென்றால், மடிக்கணினி வழங்கிய நாளில் பிரேயர் மைதானத்தில் மைக்கைப் பிடித்து நான் சொன்ன மூன்று கட்டளைகள் இவை: முதல் நாள் 8 மணி நேரம் சார்ஜ் போடுங்கள். முழுவதும் தீர்ந்த பிறகே மறுபடி சார்ஜ் போடுங்கள். நீண்ட விடுமுறையில் பேட்டரியைக் காலி செய்து வையுங்கள்.

இவற்றை நான் கற்பனையில் உருவாக்கவில்லை. 1990-களில் எங்கள் வீட்டுக்கு வந்த கார்ட்லெஸ் போனிலும், கேமராவுக்கு வாங்கிய சார்ஜ் செல்லிலும் கற்றுக்கொண்டவை. அந்தக் காலத்து பேட்டரிக்கு அவை சரி. எந்தக் காலத்து பேட்டரி என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

வோல்டா தன் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தது 1800-இல் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆனால் அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாண்டே செய்தார். இன்று உங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. 1899-இல் சுவீடன் நாட்டின் வால்டமர் யுங்னர் நிக்கல்-காட்மியம் பேட்டரியை உருவாக்கினார்.

கையில் தூக்கிச் செல்லும் கணினி என்று 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 சுமார் 11 கிலோ எடை. அதில் பேட்டரியே கிடையாது, பிளக்கில் செருகித்தான் ஓட்ட வேண்டும். 1989-இல் ஆப்பிள் வெளியிட்ட மேக்கின்டாஷ் போர்ட்டபிளில் ஈய-அமில பேட்டரி. எடை 7 கிலோவுக்கும் மேல். அதில் ஒரு வேடிக்கை, பேட்டரி செத்துவிட்டால் கரண்டில் செருகினாலும் கணினி எழுந்திருக்காது! 1985-இல் வந்த தோஷிபா டி1100 போன்றவை நிக்கல்-காட்மியத்தில் ஓடின. மடிக்கணினியின் இளமைக் காலம் இதோடுதான் கழிந்தது.

இந்த நிக்கல்-காட்மியத்துக்கு ஒரு வினோத குணம் உண்டு. தினமும் ஒரே அளவு மட்டும் செலவழித்து மீண்டும் சார்ஜ் செய்துகொண்டே இருந்தால், நாளடைவில் அந்த அளவுக்கு மேல் தர மறுக்கும். பூமியின் நிழலுக்குள் போகும்போது பேட்டரியிலும், வெயிலுக்கு வந்ததும் சூரியத் தகட்டிலும் இயங்கும் செயற்கைக்கோள்களில் இதைக் கவனித்தார்கள். 'மெமரி எஃபெக்ட்', அதாவது நினைவு விளைவு என்று பெயர். உள்ளே காட்மியப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து, மின்னழுத்தம் சீக்கிரமே இறங்கிவிடும். மருந்து, முழுக்கத் தீர்த்துவிட்டு சார்ஜ் செய்வது. காலியாக எடுத்து வைத்தாலும் அது கெடாது. என் கட்டளைகளின் பிறப்பிடம் இதுதான்.

ஆனால் இன்னொரு பக்கம் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் லித்தியம் பேட்டரி ஒன்றைச் செய்தார். லித்தியம் உலோகத்தையே பயன்படுத்தியதால் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக வைத்து மின்னழுத்தத்தை உயர்த்தினார்கள். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை எடுத்துவிட்டு எதிர்முனையில் கார்பனை வைத்தார். 1991-இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிக்கல்-காட்மியம் செல் 1.2 வோல்ட், இது சுமார் 3.6 வோல்ட். மூன்று செல்லின் வேலையை ஒன்று செய்யும். மடிக்கணினிகள் மெல்ல மெல்ல இதற்கு மாறின. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

ஆக, 2012-இல் நான் மைக்கில் முழங்கியபோது, லித்தியம் அயனி பேட்டரி கடைக்கு வந்தே 20 வருடம் ஆகியிருந்தது. உங்கள் கையில் இருந்தது லித்தியம் அயனி. என் வாயில் இருந்தது நிக்கல்-காட்மியம்.

லித்தியம் அயனிக்கு அந்த நினைவுத் தொல்லை கிடையாது. அதனால் முழுவதும் தீர்க்கத் தேவையே இல்லை. தீர்த்தால் கெடுதல்தான். ஒவ்வொரு முறையும் அடிவரை இறக்கினால் ஆயுள் குறையும். முதல் நாள் 8 மணி நேரம் என்பது மட்டும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் தானாக நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது கட்டளைதான் மிகவும் மோசம். காலியான லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் இறங்கும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். அப்புறம் பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜையே ஏற்காது. கோடை விடுமுறை முழுவதும் பீரோவில் காலியாகக் கிடந்த அவளுடைய பேட்டரிக்கு இதுதான் நடந்திருக்கும். வெயிலும் வயதும்கூட காரணமாக இருக்கலாம். ஆனால் என் பங்கை நான் மறைக்க விரும்பவில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "தம்பி வீடியோ பாத்திருக்கான் சார். பேட்டரியைப் பிரிச்சு, செல்லுக்கு நேரா கரண்ட் குடுத்தா உயிர் வந்துடுமாம்."

அவள் வீட்டில் இருந்தபடியே தம்பிக்குப் போன் போடச் சொல்லி, "வேண்டாம்பா, தொடாதே" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கரைந்த செம்பு உள்ளேயே படிந்து ஷார்ட் ஆகலாம். பாதுகாப்பு சர்க்யூட் மறுப்பதைத் தாண்டி வலுக்கட்டாயமாக சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கும். தயாரிப்பிலேயே உலோகத் துகள் புகுந்து ஷார்ட் ஆகும் அபாயம் இருந்ததால், 2006-இல் டெல் நிறுவனம் சோனி செல் கொண்ட சுமார் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே அந்தப் பயம் என்றால், நம் வீட்டுத் திண்ணையில் அதைச் செய்யலாமா?

இப்போது திருத்திய பாடம். குறித்துக்கொள்ளுங்கள்.

1. 20 சதவீதத்துக்குக் கீழே இறங்குமுன் சார்ஜ் போடுங்கள். பாதியில் போட்டாலும் எடுத்தாலும் தப்பில்லை.

2. எப்போதும் பிளக்கிலேயே வைத்து வேலை செய்பவர்கள், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போட்டு விடுங்கள். நூறிலேயே நிற்பதும் அதற்கு ஆகாது.

3. சூடுதான் பெரிய எதிரி. மெத்தை, தலையணை மேல் வைத்துக் காற்றுப்போகும் துவாரத்தை அடைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

4. பல நாள் தொடப்போவதில்லை என்றால், பாதி சார்ஜில் அணைத்து, குளுமையான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

5. 30 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று அணைகிறதா? அப்போது மட்டும் ஒருமுறை முழுவதும் இறக்கி ஏற்றலாம். அது கணக்கைச் சரிசெய்யத்தான், பேட்டரியின் உடல்நலத்துக்கு அல்ல.

6. இப்போதைய மெல்லிய கணினிகளில் டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

7. பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதையே வீட்டு இன்வெர்ட்டருக்கும் செய்துவிடாதீர்கள். ஈய-அமில பேட்டரியைப் பாதியில் நிறுத்தி வைத்தால் அது கெடும், எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். மறுபடியும் ஒரு தவறான பாடம் என் பெயரில் வேண்டாம்.

அந்த மாணவியின் கிரகப்பிரவேசம் வரும் வெள்ளிக்கிழமை. பழைய பேட்டரியைக் கழற்றி எனக்காக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொடுக்க வேண்டிய இடத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். உங்கள் வீட்டு பீரோவிலும் பரணிலும் அந்த மடிக்கணினி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்த வருடம் என்னிடம் படித்த நண்பர்கள் யாரேனும் இந்தப் பக்கம் வராமல் இருந்தால், அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்