மூன்று யானைகள்

மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் ஒரு கேடயம், அதன்மேல் ஒரு யானை, குறுக்கிட்ட இரண்டு வாள்கள். தெற்கத்திக்காரர்களின் பட்டாளம், ஆகவே கோயில் யானை என்று எடுத்துக்கொள்வது சுலபம். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த யானை வந்தது அஸாயே என்ற ஊரிலிருந்து. இன்று மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் இருக்கும் கிராமம் அது.

1803 செப்டம்பர் 23. சிந்தியா, போன்ஸ்லே ஆகிய மராட்டியர்களின் படையை ஆர்தர் வெல்லெஸ்லி அங்கே தோற்கடித்தான். பின்னாளில் வாட்டர்லூவின் வெல்லிங்டன் ஆனவன் இவன்தான். அவன் பக்கத்தில் மாண்டவர்களும் காயம்பட்டவர்களும் 1500க்கு மேல். அன்று அழிவு செய்தவை சிந்தியாவின் பீரங்கிகள், ஏறக்குறைய நூறு. யானைக்கும் அந்த வெற்றிக்கும் பேசும்படியான சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆயினும் போரிட்ட மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்களுக்குக் கம்பெனி யானை பொறித்த கௌரவக் கொடி கொடுத்தது. ஸ்காட்லாந்தின் 74ஆம், 78ஆம் பட்டாளங்களுக்கும் அதே யானைதான்.

ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1799இல் திப்பு வீழ்ந்ததற்காக அடித்த பதக்கம். சிங்கம் புலியை மல்லாத்திப் போட்டிருக்கும். குரூரமானது, ஆனால் நேர்மையான குறியீடு: புலி திப்புவே தேர்ந்துகொண்ட சின்னம். அஸாயே யானையோ யாருடைய சின்னமும் அல்ல. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இந்தியா என்றால் யானை, அவ்வளவுதான். நம் புதுக்கவிதையிலும் இப்படிப்பட்ட யானைகள் உண்டு.

சுதந்திரத்திற்குப் பிறகு, இந்தியாவை அடிமைப்படுத்திய போர்களுக்கான விருதுகளை நம் ராணுவம் ஒவ்வாதவை என்று ஒதுக்கியது. அஸாயே அவற்றில் ஒன்று. ஊரின் பெயர் போயிற்று, யானை தங்கிவிட்டது. ஒதுக்கியது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. அங்கே செத்த சிப்பாய்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்தார்கள். வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது, இவர்களுக்கு எண்ணிக்கை. பெற்ற ஒரே ஞாபகச் சின்னம், அதுவும் பிறர் பார்வையில் வரைந்தது, இந்த யானை. பின்னர் மதராஸிக்கு வீரம் போதாது என்று ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் முடிவுகட்டினார்கள். 1920களில் பழைய பட்டாளங்கள் கலைந்தன. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் வீரம் மறுபடி தென்பட்டது.

இனி எங்கள் ஊர் யானை. அதே 1803இல் கம்பெனி கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த சீமையையும் புதுக்கோட்டைத் தொண்டைமானுக்குக் கொடுத்தது. பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்குக் கைம்மாறு. நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டபொம்மன் பிடிபட்டதும் ஒப்படைக்கப்பட்டதும் இந்தச் சமஸ்தானத்து எல்லைக்குள்தான். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கு. கீழாநிலைக்குக் கம்பெனி வைத்த நிபந்தனை விசித்திரமானது: ஆண்டுக்கு ஒரு யானை கப்பம்.

ஒரே ஆண்டு, ஒரே கம்பெனி, இரண்டு யானை. தனக்காகச் சண்டை போட்ட சிப்பாய்க்குக் கொடியில் ஒன்றைக் கொடுத்தது. தனக்கு உதவிய அரசனிடம் உயிரோடு ஒன்றைக் கேட்டது. இரண்டிலும் யார் மேல், யார் கீழ் என்பதைச் சொல்ல அந்தப் பிராணியே போதுமானதாக இருந்தது.

தொண்டைமான் வம்சக் கதைகளில் மூன்றாவது யானை வருகிறது. முன்னோர் ஒருவர் விஜயநகர ராயருக்காக மதம் பிடித்த யானையை அடக்கிப் பட்டம் பெற்றாராம். வரலாறா, பிற்பாடு கட்டியதா என்பது இங்கே முக்கியமல்ல. யானையை அடக்கியதால் உயர்ந்தோம் என்று சொல்லிக்கொண்ட வீடு, யானை கட்டச் சம்மதித்து ஒரு கோட்டையை வாங்கியது.

கப்ப யானையைக் கம்பெனி வற்புறுத்திக் கேட்கவேயில்லை. 1836இல் நிபந்தனையை முறைப்படி நீக்கிவிட்டார்கள். கீழாநிலை இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. கொடியின் யானைக்கு அப்படி விடுதலை ஏதும் எழுதப்படவில்லை, தொப்பியில் நிற்கிறது.