நான்காவது பேஸ் கிட்டார்காரர்

மலர்க் குழு நண்பர்கள் தொலைபேசியில் அழைத்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா, விடுதி நினைவு மாதிரி" என்றார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுத நம்மில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் கொஞ்சம் வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வரலாறு தொடங்குவதும் விடுதி அறையில்தான், தப்பிக்க முடியவில்லை!

இறுதியாண்டு தொடங்கிய சமயம். இரவு பதினொரு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினான் நண்பன். மெஸ் மேசையைக்கூட டிரம்ஸ் ஆக்கிவிடுபவன். "மச்சான், புதுசா ஒரு பேண்டு ஆரம்பிக்கிறோம். நீதான் பேஸ் கிட்டார். வர்றியா?" இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். மூன்றாம் நாள், "இதெல்லாம் நாலு மாசம் தாங்காதுடா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அந்தக் குழு சில மேடைகள் ஏறியது, அந்த ஆண்டே கலைந்தது. "பார்த்தியா, நான் சொன்னது சரிதானே" என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமை எவ்வளவு அற்பமானது என்று புரியப் பல வருடங்கள் ஆயின. புரிய வைத்தது லண்டன் மாணவர்கள் சிலரின் கதை.

1968இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்த பிரையன் மே, பல் மருத்துவம் படிக்க வந்திருந்த ரோஜர் டெய்லர், ஈலிங் கலைக் கல்லூரி மாணவர் டிம் ஸ்டாஃபல் மூவரும் 'ஸ்மைல்' என்றொரு குழுவை நடத்தினார்கள். பிரையனின் கிட்டார் கடையில் வாங்கியது அல்ல. மின்னணுத் துறையில் வேலை பார்த்த தந்தையோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பு மரச்சட்டத்தை இழைத்து, 1963 முதல் வீட்டிலேயே செய்தது. நம் பட்டறை வகுப்பில் மரத்துண்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்! இவ்வளவு இருந்தும் குழு மேலே வரவில்லை. 1969இல் அமெரிக்காவில் வெளியான ஒரே இசைத்தட்டும் விலைபோகவில்லை.

இங்கேதான் முதல் முடிவு வருகிறது. 1970இல் ஸ்டாஃபலுக்கு இன்னொரு புதிய குழுவில் இடம் கிடைத்தது. அதை அமைத்தவர் கோலின் பீட்டர்சன். உலகப் புகழ் பெற்ற 'பீ ஜீஸ்' குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். ஒரு பக்கம் விலைபோகாத மாணவர் குழு, இன்னொரு பக்கம் பெயர் பெற்ற கலைஞர். நம்மில் யாராக இருந்தாலும் எதைத் தேர்ந்தெடுத்திருப்போம்? ஸ்டாஃபலும் அதையே தேர்ந்தெடுத்தார். அந்தக் குழு சீக்கிரமே கலைந்துவிட்டது.

இரண்டாவது முடிவு, ஸ்டாஃபலோடு ஈலிங்கில் படித்த நண்பருடையது. சான்சிபாரில் பிறந்த பார்சி இளைஞர் ஃபரூக் புல்சாரா. நம் மகாராஷ்டிரத்துப் பஞ்சகனி விடுதிப் பள்ளியில் படித்தவர். அங்கேயே பள்ளித் தோழர்களோடு குழு சேர்த்துப் பியானோ வாசித்தவர். லண்டனில் அவர் பாடிய குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்திருந்தன. பாடகர் இல்லாமல் நின்ற பிரையனோடும் ரோஜரோடும் அவர் சேர்ந்துகொண்டார். குழுவுக்குக் 'குவீன்' என்று பெயர் வைத்தார். தனக்கு ஃபிரெடி மெர்க்குரி என்று வைத்துக்கொண்டார்.

ஒரே குழு. ஒருவர் வெளியேறிய கதவு வழியாக மற்றவர் உள்ளே வந்தார். இதை வைத்து ஒருவரைப் புத்திசாலி என்றும் மற்றவரை ஏமாளி என்றும் சொல்லிவிடலாமா? 1970இல் இருவர் கையிலும் இருந்த தகவல்களை எழுதிப் பாருங்கள்; ஸ்டாஃபலின் கணக்கில் பிழை காண முடியாது. விடை மட்டும் வேறாக வந்தது. அவரும் வீணாகிப் போகவில்லை. குழந்தைகளுக்கான 'தாமஸ்' ரயில் எஞ்சின் தொலைக்காட்சித் தொடரில் மாதிரிகள் செய்யும் கலைஞராகப் பெயர் வாங்கினார்.

மூன்றாவது முடிவுதான் எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் அது நம்ம துறைக்காரருடையது. குவீன் குழுவில் பேஸ் கிட்டார் இடம் மட்டும் நிலைக்கவே இல்லை. 1970 நடுவிலிருந்து 1971 தொடக்கத்துக்குள் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். அந்த நேரத்தில் செல்சி கல்லூரியில் மின்னணுவியல் இறுதியாண்டில் இருந்தார் ஜான் டீக்கன், வயது பத்தொன்பது. லெஸ்டர் பக்கத்துப் பையன். அதிகம் பேசமாட்டார். பள்ளி நாளிலிருந்தே ஊர்க் குழுவில் வாசித்த பழக்கம் உண்டு. பொது நண்பர் ஒருவர் மூலம் பிரையனையும் ரோஜரையும் சந்தித்தார். இம்பீரியல் கல்லூரியின் வகுப்பறை ஒன்றில் வாசித்துக் காட்டினார். அமைதியானவர், வாசிப்பு சுத்தம், போதாக்குறைக்கு மின்னணுச் சாதனங்களும் தெரிந்தவர். சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். இறுதியாண்டுத் தேர்வு வருகிறது. குழுவுக்கு ஒப்பந்தம் கிடையாது, இசைத்தட்டு கிடையாது. முன்னால் மூன்று பேர் நிற்கவில்லை. என்னைப் போன்ற ஆள் என்ன சொல்லியிருப்பான்? "நாலு மாசம் தாங்காது!"

டீக்கன் சேர்ந்தார். ஆனால் படிப்பை விடவில்லை. அதே 1971இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். நால்வரும் சேர்ந்த முதல் நிகழ்ச்சி 1971 ஜூலை 2 அன்று. முதல் ஆல்பம் வெளிவந்தது 1973 ஜூலையில். இடையில் இரண்டு ஆண்டுகள்! அதற்குள் ரோஜர் பல் மருத்துவத்தை விட்டு உயிரியலில் பட்டம் வாங்கிவிட்டார். பிரையன் விண்வெளித் தூசி பற்றிய முனைவர் பட்ட ஆய்வைத் தொடர்ந்துகொண்டிருந்தார். கிணற்றில் கண்ணை மூடிக் குதித்தவர்கள் அல்ல இவர்கள். படியில் இறங்கி, ஒவ்வொரு படியிலும் ஆழம் பார்த்தவர்கள்.

இறுதியில் ஏதோ ஒன்றை விடத்தான் வேண்டியிருந்தது. 1974இல் பிரையன் ஆய்வை நிறுத்தினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே இம்பீரியல் கல்லூரிக்குத் திரும்பி, 2007இல் அறுபது வயதில் முனைவர் பட்டம் வாங்கினார். அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம்!

டீக்கன் குழுவுக்கு என்ன கொண்டுவந்தார்? யாரோ குப்பைத் தொட்டியில் வீசிய மின்சுற்றுப் பலகை ஒன்றை எடுத்துவந்து, ஒரு சிறிய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பொருத்தி, ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதில் கிட்டாரை இணைத்து, 1975 ஆல்பத்தில் பழைய ஜாஸ் குழுவின் ஊதுகருவிகள் போல ஒலிக்க வைத்தார் பிரையன். பின்னால் நின்று அமைதியாக வாசித்த அதே டீக்கன் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' 1980இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1991இல் ஃபிரெடி மறைந்தார். சில ஆண்டுகளில் டீக்கன் மேடையை விட்டே ஒதுங்கினார். சேரத் தெரிந்த மனிதருக்கு விலகவும் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் படித்தபோது என் மூன்றாம் நாள் பதில் நெஞ்சில் குத்தியது. நான் கேட்ட கேள்வியே தப்பு. "இந்தக் குழு ஜெயிக்குமா?" என்பதற்கு 1970இல் லண்டனில் யாரிடமும் விடை இல்லை, நம் விடுதியில் எனக்கு மட்டும் எப்படி இருக்கும்? அன்றே விடை தெரியக்கூடிய கேள்விகள் வேறு. இவர்களோடு உட்கார்ந்தால் என் கை முன்னேறுமா? இவர்களிடம் இல்லாத எது என்னிடம் இருக்கிறது? இப்போதைக்கு எதை விட்டுவிடக் கூடாது?

மூன்றாவது கேள்விக்கு அன்று என்னிடம் நேர்மையான விடை இருந்தது. அப்பா என் பேரில் கல்விக் கடன் வாங்கியிருந்தார். வளாகத் தேர்வில் வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். அந்த முடிவுக்காக இன்றும் வருந்தவில்லை. ஆனால், "பயமா இருக்குடா, கடன் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, என் பயத்தை அவர்கள் குழுவின் குறையாக மாற்றிச் சொல்லிவிட்டேன். வருத்தம் அதற்குத்தான்.

சென்ற ஆண்டு அதே நண்பனிடமிருந்து அழைப்பு வந்தது. "மச்சான், பழைய பசங்க நாலு பேர் சேர்ந்திருக்கோம். சனிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ். பேஸ் கிட்டார் இன்னும் வச்சிருக்கியா, வித்துட்டியா?"

முதலில் அந்தப் பழைய பொய்யைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் மௌனம். பிறகு சிரித்தான். "கடன்னு சொல்லியிருந்தா, உன் பிளேஸ்மெண்ட் முடியிற வரைக்கும் காத்திருந்திருப்போமேடா!"

வீட்டில் கேட்டேன். "வாரத்துல ஒரு நாள்தானே, போயிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை மார்க்கெட் மட்டும் உங்க பொறுப்பு" என்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

தம்பி, தங்கைகளே! உங்கள் அறைக் கதவையும் ஒருநாள் யாராவது தட்டுவார்கள். சேருவதும் சேராததும் உங்கள் வீட்டு நிலைமை, உங்கள் விருப்பம். சேர்ந்தால் பாடத்தை விடாமல் சேருங்கள். சேராவிட்டால் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். அந்தக் கதவு இன்னொரு நாளைக்குத் திறந்திருக்கும்.

ஒன்றுகூடல் மாலை நிகழ்ச்சியில் நாங்கள் வாசிக்கிறோம். டிரம்ஸுக்குப் பக்கத்தில், பின்வரிசையில், கொஞ்சம் தொப்பையோடு நிற்பவன் நான்தான். தாளம் தப்பினால் பொறுத்தருள்க!