பழுது பார்க்குமுன்

பழம்பொருள்களைப் புதுப்பிக்கும் ஆர்வம் நம் மக்களிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. திருப்பூர், பல்லடம், அவிநாசி, காங்கேயம் வட்டாரங்களில், தாத்தா காலத்து வீடு இடிபடும்போது பரணிலிருந்து ஒரு கிராமபோனோ ரிக்கார்டு பிளேயரோ இறங்குவதுண்டு. பேரப்பிள்ளைகள் துடைக்கிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள், பிளக்கைச் சொருகிப் பார்க்கிறார்கள். ஆர்வம் நன்று, ஆனால் வரிசை தவறு. புதுப்பிக்குமுன் மதிப்பிட வேண்டும். மதிப்பிடுமுன் அப்பொருளின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

எடிசன் 1877இல் உருளையில் ஒலியைப் பதிவு செய்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1887இல், எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டை நோக்கி வழி திறந்தார். அவருடைய முறையைப் பின்பற்றிய நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902ஆம் ஆண்டு வசந்த காலத்தில் உரோமை நகரில் இருந்தார். வத்திக்கானின் சிஸ்டைன் பாடகர் குழுவைச் சேர்ந்த அலெசாண்ட்ரோ மொரெஸ்கியின் குரல் அப்போது பதிவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். உரோமையின் திருவழிபாட்டு இசையும் வங்காளத்து அரங்கிசையும் ஓராண்டிற்குள் ஒரே கையால் தட்டில் ஏறியது நம் சிந்தனைக்குரியது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பின்னர் அது டம் டம்முக்கு மாறியது. அத்தட்டுகளின் முக்கிய மூலப்பொருளான அரக்கோ நம் நாட்டுக் காடுகளில் கிடைப்பது.

கொங்கு நாட்டிற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் நாடக மேடையிலிருந்து இசைத்தட்டுக்கு வந்து, அவரை நேரில் காணாதோர் இல்லங்களையும் சென்றடைந்தது. அவர் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல் மறைந்தார். தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கியது 1931இல்தான். கிட்டப்பா எப்படத்திலும் நடித்தாரல்லர். ஆகவே அவர் குரலை நாம் அறிய எஞ்சியிருப்பவை அரக்குத் தட்டுகளே. அவற்றைச் சுழற்றும் கருவி பொய் சொன்னால், மறுத்துரைக்க வேறு சான்று ஏது?

இது மிகைப்படுத்திய கூற்றன்று. கிட்டப்பாவின் பெருமையாகப் பேசப்படுவது எட்டாத உயரத்தையும் எளிதில் எட்டிய குரல். நிமிடத்திற்கு 78 முறை சுழல வேண்டிய தட்டு நான்கரைச் சுற்றுக்குச் சற்று மேல் கூடுதலாகச் சுழன்றால், குரல் அரைக்கட்டை உயர்ந்துவிடும். அதே அளவு குறைந்தால் அரைக்கட்டை இறங்கிவிடும். தொடக்க காலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78இல் பதிவானவையும் அல்ல. எனவே மதிப்பீட்டில் வேகத்திற்கு முதலிடம் தருதல் தகும்.

வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டா. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. ஆதலால் பழைய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். வட்ட அட்டையொன்றின் விளிம்பில் சம இடைவெளியில் 77 கோடுகள் வரைந்து சுழல்தட்டின்மீது வைத்தால், வேகம் ஏறத்தாழ 78ஆக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். முப்பத்து மூன்றேகால் என்று நாம் பொதுவாகச் சொல்லும், உண்மையில் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்குமான, நெடுந்தட்டு வேகத்திற்கு 180 கோடுகள் வேண்டும். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பல இவ்வாறு துடிப்பதில்லை. அவ்வொளியில் இச்சோதனை பயன்படாது.

அடுத்து, கருவி உண்மையானதா என்பதை ஆராய வேண்டும். பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப் படமும் கொண்டு இன்று சந்தையில் விற்பவற்றுள் பெரும்பாலானவை, பழைய கைப்பெட்டிக் கிராமபோனின் உள்ளுறுப்புகளைப் புது மரப்பெட்டியில் பொருத்திச் செய்தவை. 1931இல் வெளிவந்த எச்.எம்.வி. 102 போன்ற கைப்பெட்டிகளில் வெளிக்குழலே கிடையாது. குழல் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். குழல் வைத்த போலிக்காக, குழலில்லாத உண்மையைப் பிரித்துப் போடுவது எத்துணை அறியாமை! அந்த நாய்ப் படத்திற்கே ஒரு கதையுண்டு. ஓவியர் பிரான்சிஸ் பாரோ முதலில் வரைந்தது எடிசன் வகைக் கருவியை. 1899இல் அதன்மேல் வர்ணம் பூசிக் கிராமபோனாக மாற்றினார். மேற்பூச்சின் அடியில் பழைய உருவத்தின் சாயல் இன்றும் தெரிகிறதாம். வர்ணம் மறைக்குமே ஒழிய அழிக்காது.

உறுப்புகளை ஆராய்வதில் திருப்பூர்க்காரருக்கு ஓர் இயல்பான தகுதி உண்டு. ஊசி, பெல்ட், பேரிங், எண்ணெய் ஆகியவற்றோடு பழகிய ஊர் அது. பனியன் கம்பெனியில் ஓர் ஊசி பழுதானால் துணி நெடுகக் கோடு விழும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். இசைத்தட்டிலும் அவ்வாறே: தேய்ந்த ஊசி தட்டின் தடத்தை நெடுக அறுத்துவிடும், பனியனை மீண்டும் பின்னலாம், கிட்டப்பாவின் தட்டை மீண்டும் பதிவு செய்ய இயலாது. கிராமபோனின் எஃகு ஊசியைத் தட்டின் ஒரு பக்கத்திற்கு ஒன்றாக மாற்ற வேண்டும். நெடுந்தட்டுக்குரிய மெல்லிய ஊசியை 78 தட்டில் வைத்தலும், அதற்குரிய பருத்த ஊசியை நெடுந்தட்டில் வைத்தலும் ஆகா.

மின்கருவியாயின், சுழல்தட்டை ஓட்டும் ரப்பர் சக்கரத்தைக் காண வேண்டும். பல்லாண்டுகள் ஒரே இடத்தில் அழுந்தி நின்றதால் அதில் தட்டையான பள்ளம் விழுந்திருக்கும். சுற்றுக்குச் சுற்று ‘டக் டக்’ என்ற ஒலி அதனால் எழும். இறுகிய கிரீஸை வலிந்து சுழற்றாமல், கழுவி எடுத்துப் புதிது இட வேண்டும். பழைய ஒலியுணர்விகள் சிலவற்றில் ரோஷெல் உப்புப் படிகம் உண்டு. ஈரமும் வெப்பமும் அதைக் கெடுத்துவிடும். நம் வட்டாரம் பெரும்பாலும் வறண்டதாயினும், பஞ்சுத் தூசியும் ஆடிக் காற்றின் புழுதியும் இங்கே ஓயாத பகைவர். மின்கம்பியின் உறை உதிர்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே தேர்ந்த மெக்கானிக் காணும்வரை மின்சாரம் பாய்ச்சலாகாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணர்ந்ததாயின் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்: மின்னழுத்தமும் வேறு, அங்கே 60 சுழற்சி ஆதலால் பழைய மோட்டார்கள் பல இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும்.

இவையெல்லாம் கண்டறிந்த பின்னரே, எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்ற வினா எழுகிறது. நினைவுச் சின்னங்களைக் காப்பது குறித்து 1964இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பெற்ற சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்னும் நெறியைத் தந்தது. கட்டடங்களுக்காக வகுத்த அந்நெறி ஒரு சிறு பெட்டிக்கும் பொருந்தும். தேய்ந்த ரப்பரையும் கெட்ட கம்பியையும் மாற்றுவோம். கழற்றியதை எறியாமல் ஓர் உறையிலிட்டுப் பெட்டியோடு வைப்போம். செய்ததைத் தேதியிட்டு எழுதி வைப்போம். ஆனால் கைபட்டு மங்கிய மூடியை மெருகேற்ற வேண்டா. விற்ற கடையின் சிறு தகட்டைப் பிடுங்க வேண்டா. நம் ஆலயங்களில் பழைய மரவேலைப்பாட்டின்மீது எனாமல் பூசி அழகுபடுத்தியதாக மகிழ்ந்தோமே, அந்தப் பிழை இல்லங்களிலும் தொடரலாகாது.

சில கருவிகள் பாடும் நிலையைக் கடந்திருக்கும். அதை ஒப்புக்கொள்வதும் மதிப்பீடே. பாடாத கருவியைத் தூசியின்றிப் பேணி, தட்டுகளை மட்டும் நல்ல கருவியுள்ள ஒருவரிடம் கொடுத்துப் பதிவெடுத்துக்கொள்ளலாம். முன்னோர் நமக்கு விட்டுச் சென்றது பளபளப்பை அன்று, குரலை. அக்குரல் கூடாமலும் குறையாமலும் அடுத்த தலைமுறையின் செவியை எட்ட வேண்டும். அதற்கு முதற்படி, கையை நீட்டுமுன் கண்ணால் நன்கு காண்பதுதான்.