அதிமதுரம்: இனிப்பும் அளவும்

நம் வீடுகளில் 'சீனி வருத்தம்' அன்றாடப் பேச்சாகிவிட்டது. சீனிக்குப் பதிலாக அதிமதுரத் தூளைப் பிளேன்டீயில் கலந்து குடிப்போரையும் இப்போது காண்கிறேன். கேட்டால், "வேர்தானே, ஒண்டும் செய்யாது" என்கிறார்கள். அந்த வேரின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அதன் இனிப்பைப் பல மொழிகள் பெயரிலேயே பதிந்து வைத்திருக்கின்றன. தமிழில் அதிமதுரம், அதாவது மிகுந்த இனிப்பு. வடமொழியில் யஷ்டிமது, தேன் குச்சி. கிரேக்கத்தில் கிளிசிரைசா, இனிப்பு வேர். அரபு மருத்துவர் 'அஸ்லுஸ் ஸூஸ்' என்றனர். ஸூஸ் செடியின் வேர் என்று பொருள். சிங்களவர் 'வெல்மீ' என்பர். மத்தியதரைக் கடலோரம் முதல் மத்திய ஆசியா வரை விளையும் இச்செடியின் வேர், நம் மருந்துச் சரக்குக் கடைகளுக்குக் கடல் கடந்தே வருகிறது.

கி.மு. 300 அளவில் எழுதிய தியோபிராஸ்டஸ், இதனை இழைப்புக்கும் வறட்டு இருமலுக்கும் உரியதாகக் குறித்தார். சீத்தியர் இதனை வாயிலிட்டுப் பல நாள் தாகம் தாங்கினர் என்றும் சொன்னார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் தியோஸ்கோரிடிஸ் தமது மூலிகை நூலில் இதனைச் சேர்த்தார். 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் இஸ்திபான் இப்னு பஸீல் அந்நூலை அரபுக்குக் கொண்டுவர, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்தினார். 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், முன்னோர் சொன்னதையெல்லாம் திரட்டி ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தந்தார். கிரேக்கர் கண்டது நம்மவர் கையில் வெறும் பிரதியாகக் கிடக்கவில்லை, சோதிக்கப்பட்டு விரிந்தது.

யூனானி மருந்து நூல்களில் என்னைக் கவர்ந்தது அவற்றின் ஒழுங்கு. ஒரு பொருளின் பயனைச் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. அதன் கெடுதி (முழிர்), கெடுதியை மாற்றும் துணை (முஸ்லிஹ்), கிடைக்காதபோது மாற்று (பதல்), உட்கொள்ளும் அளவு (மிக்தார்) என்பனவும் உடன் வரும். நாக்குக்கு இனிப்பது என்பதற்காக எதற்கும் இந்த விசாரணையிலிருந்து விலக்கில்லை. நாம் பயனை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

விட்டதை நவீன மருத்துவம் நினைவூட்டியது. 1946இல் ரெவர்ஸ் என்ற ஒல்லாந்து மருத்துவர், அதிமதுரச் சாறு இரைப்பைப் புண்ணை ஆற்றுவதைக் குறித்தார். ஆனால் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உடல் வீங்கியது. காரணம் பின்னர் தெளிவாயிற்று. வேரிலுள்ள கிளிசிரைசின் சீனியைவிடச் சுமார் 50 மடங்கு இனிப்பானது. அதுவே கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உடலில் உப்பும் நீரும் தங்குகின்றன, பொட்டாசியம் குறைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்று 1991இல் ஐரோப்பிய உணவு அறிவியல் குழு வரையறுத்தது. இனிப்பும் கெடுதியும் ஒரே பொருளில்தான் இருக்கின்றன.

எகிப்திலும் ஷாமிலும் நோன்பு திறக்க 'இர்க் ஸூஸ்' பானம் குடிக்கிறார்கள். நல்ல வழக்கந்தான். என்றாலும் பிரஷர் உள்ளவர் அதனை நாளாந்தம் குடிப்பது வேறு கதை.

இந்தப் 'பதல்' விசயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நம் வேலிகளில் படரும் குன்றிமணிக் கொடியின் இலையும் இனிக்கும். அதிமதுரத்துக்கு மாற்றாக அதனைக் கையாண்டார்கள். அதே கொடியின் சிவப்பு விதையிலோ அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. உடைத்த விதை வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் விதை அது.

ஒரே கொடியில் இலை மருந்து, விதை நஞ்சு. ஒரே வேரில் ஓர் அளவு மருந்து, மிஞ்சினால் வருத்தம். ஆகவே "இயற்கையானதா?" என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. "எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாளைக்கு?" என்பதையும் கேட்க வேண்டும். பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஹக்கீமிடமோ டொக்டரிடமோ கேட்காமல் அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டாம். நம் முன்னோரின் மருத்துவத்தைப் போற்றுகிறோம் என்றால், அவர்கள் எழுதிவைத்த மிக்தாரையும் சேர்த்துத்தான் போற்ற வேண்டும்.