கொட்டியாரத்து உழவும் மந்தையும்

கொட்டியாரக் குடாவின் கரையில் 1660ஆம் ஆண்டில் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கில மாலுமி இறொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைதியாக வாழ்ந்து, தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். மன்னனின் கொடுமைகளைக் கூறும் பக்கங்களையே அந்நூலிலிருந்து பலரும் எடுத்துக்காட்டுவர். நெல் வேளாண்மையைப் பற்றி அவர் எழுதியவையோ இன்று நமக்கு அவற்றினும் பயன் தருவன. ஏழு மாதத்தில் விளைவது முதல் மூன்று மாதத்தில் விளைவது வரை பலவகை நெல்லினங்கள் உழவரிடம் இருந்தன என்கிறார் அவர். நீர் உறுதியாகக் கிடைக்குமாயின் நீண்டகால நெல்லையே விதைப்பர். அவ்வுறுதி இல்லாதவிடத்துக் குறுகிய காலத்தில் விளைவதைத் தேர்வர். ஒரே வெளியில் ஊரார் பலரும் விதைப்பதால், பிந்தி விதைப்பவன் விரைவில் முற்றும் இனத்தை விதைத்து அயலானோடு ஒருங்கே அறுத்தாக வேண்டும். அறுவடை முடிந்ததும் வெளி முழுவதும் மாடுகளுக்குத் திறந்துவிடப்படும் என்பதே அதற்குக் காரணம்.

நொக்ஸ் கண்டது கண்டி நாட்டு வயல்களை. கொட்டியாரத்து வயல்களை அன்று. ஆயினும் மழையின் தயவில் வாழ்ந்த உழவரின் அறிவு எவ்வகைப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. விதையை மாற்றுதல், விதைப்பு நாளை மாற்றுதல், வயலையும் மந்தையையும் ஒரே ஒழுங்கிற் பிணைத்தல் ஆகிய மூன்றும் அன்றே நடைமுறையில் இருந்தன. காலநிலை மாறுகின்றது, எனவே உழவனும் இடையனும் தம்மை மாற்றிக்கொள்ளக் கற்றல் வேண்டும் என்று இன்று கருத்தரங்குகளில் ஓயாது கூறப்படுகிறது. மாறத் தெரிந்திருந்த மனிதன் மாற இயலாதவனாக்கப்பட்டது எங்ஙனம் என்ற வினாவை அங்கு எவரும் எழுப்பக் காணோம்.

கிளிவெட்டி மூதூருக்குத் தெற்கே, மாவலி கங்கையின் கழிமுக நிலங்களை அடுத்துள்ள ஊர். பெரும்போகத்துக்கு வாடைக்காற்றோடு வரும் மாரியும், சிறுபோகத்துக்குக் குளத்து நீரும் ஆற்று நீரும் துணை. வைகாசி தொடங்கி வீசும் கச்சான் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இத்தகைய நிலத்தில் ஒரு தொழிலை மட்டும் நம்பி வாழ்தல் அரிது. ஆகவே இப்பகுதிக் குடியானவர் வாழ்வு வயல், சேனை, பட்டி என்னும் மூன்றின்மேலும் நின்றது. மழை பொய்த்து நெல் கருகிய ஆண்டிற் சேனையிலே சோளமோ குரக்கனோ கிடைக்கும். அதுவும் பொய்த்தால் மாடு இருக்கும். வயலிற் பயிர் நிற்கும் மாதங்களிற் பட்டிகள் காட்டோரத் தரவைகளுக்குச் சென்றன. அறுவடைக்குப்பின் தாளடிக்குத் திரும்பிச் சாணத்தை வயலுக்கு ஈந்தன. கோடையில் வெள்ளம் வடிந்த வில்லுகளின் புல்லை நாடின. இந்த நடமாட்டத்தையே பின்வந்த அதிகாரிகள் ஒழுங்கின்மை என்றனர்.

இதனைப் பொற்காலமென்று பாடுதல் நமது நோக்கமன்று. நிலமுடையோன் களத்துமேட்டிலேயே விளைவிற் பெரும்பங்கை அள்ளிச் சென்றான். பட்டிக்குச் சொந்தக்காரன் ஒருவன், வெயிலில் அதன்பின் நடந்தவன் மற்றொருவன். பிலிப் குணவர்த்தனாவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகைக் குடிகளுக்குப் பாதுகாப்பளிக்க முற்பட்டமை, அந்தச் சுரண்டல் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும். அச்சட்டத்தையும் நிலவுடைமையாளர் பலவாறு முடக்கினர். ஆயினும் காட்டின்மீதும் புல்லின்மீதும் நீரின்மீதும் ஊருக்குப் பொதுவான உரிமை ஒன்று இருந்தது. ஏழையின் காப்புறுதி அதுவே.

அவ்வுரிமையின் வேரை வெட்டியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவென்று அது விதித்தது. சில ஆண்டுகள் இடைவிட்டுப் பயிரிடப்படும் சேனைகளும் அதன் வலையிற் சிக்கின. கோப்பித் தோட்டத்துக்கு நிலம் தேடிய முதலாளிகளுக்காக எழுந்த சட்டம், கோப்பிச் செடியையே காணாத கிழக்குக் கரையையும் கட்டியது. இடைவிட்டுப் பயிரிடுதல் வறண்ட நிலத்தின் இயற்கைக்கு இயைந்த முறை. சட்டத்தின் கண்ணிலோ அந்த இடைவெளி உரிமையின்மைக்குச் சான்றாயிற்று. மேய்ச்சல் தரவைக்கு உறுதி எழுதி வைத்திருந்தவர் யார்? முடிக்குரிய நிலம் பின்னர் அரச நிலமாயிற்று, தத்துவம் மாறவில்லை.

அடுத்து வந்தவை குடியேற்றத் திட்டங்கள். 1950களில் அல்லைத் திட்டத்தால் இப்பகுதியிற் பல வயல்கள் பாசன நீர் பெற்றன. அந்நன்மையை மறுத்தல் தகாது. ஆனால் அளந்து கொடுத்த காணித்துண்டும் நெல் என்னும் ஒற்றைப் பயிருமே அத்திட்டங்கள் அறிந்த வேளாண்மை. மந்தைக்கு அவற்றின் வரைபடத்திற் போதிய இடமில்லை. 1976இற் பொல்கொல்லைத் திசைதிருப்பலும் 1985இல் விக்ரோறியா அணையும் முடிவுற, மாவலியின் வெள்ள ஒழுங்கே மாறியது. வெள்ளத்தை நம்பியிருந்த வில்லுப் புல்லின் கதி யாதாகும் என்பதைச் சொல்லவேண்டுமோ?

போர் இதன்மேல் வந்தது. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூட, அரசு வான்தாக்குதலில் இறங்க, மூன்று சமூகத்து உழவருக்கும் பொதுவாயிருந்த நீர் போர்க்கருவியாயிற்று. அவ்வாண்டிலேயே சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ஓடும்போது பட்டியை யார் கொண்டு செல்வது? அவர்களுட் பலர் கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். நிலமுடையவர் கூலிக்கு ஆட்பட்டனர். அவர்களது நிலத்தில் அனல்மின் நிலையம் அமைக்க இரு நாட்டு அரசுகளும் இணங்கின. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே நிலத்தின் ஒரு பகுதி மீண்டது. நிலக்கரித் திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. இப்போது அங்கு 120 மெகாவாற் சூரிய மின்திட்டம். 2025 ஏப்ரிலில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரியைவிடச் சூரியன் மேலானதென்பதில் ஐயமில்லை. ஆனால் வானைக் காக்கும் திட்டமும் புல்வெளியைக் கேட்டே வருமாயின், அவ்வூராரைக் கலந்தா வருகிறது என்று வினவும் உரிமை நமக்கு உண்டு.

இவற்றுக்கெல்லாம் பின்னரே, கைகால் கட்டுண்ட குடியானவன்மீது மாறிய மழை வந்து விழுந்தது. 2011 ஜனவரி, பெப்ருவரி மாதங்களில் இருமுறை பெருகிய வெள்ளம் அறுவடையை அண்மிய கிழக்கு வயல்களை மூழ்கடித்தது. 2016-17 பெரும்போகத்தை நாற்பது ஆண்டுகளிற் காணாத வறட்சி தின்றது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைக் கடப்பின் மணி பதராகும் என்பர் பயிரியலார்.

விஞ்ஞானத்தை நாம் குறைகூறவில்லை. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் தந்த பிஜி 250 என்னும் இரண்டரை மாத நெல், நொக்ஸ் கண்ட மூன்றுமாத நெல்லின் வழித்தோன்றல் போன்றது. நீர் குறைந்த ஆண்டுக்கு அது வரமே. ஆனால் விதை மட்டும் மாறிப் பயனில்லை. நீர் அருகிய சிறுபோகத்திற் குளத்தை அடுத்த வயல்களை மட்டும் பயிரிட்டு, அவற்றை எல்லா உடைமையாளருக்கும் அப்போகத்துக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் உலர்வலயத்தில் உண்டு. சிங்கள உழவர் அதனைப் ‘பெத்ம’ என்பர். மேட்டு வயற்காரனும் பள்ளத்து வயற்காரனும் இழப்பைப் பங்கிடும் இம்முறையே தட்டுப்பாட்டுக்கு ஏற்ற பெருந்தகைமை. மேலிருந்து வரும் ஆணை அதைச் செய்யாது. 2021இல் ஒரே கட்டளையால் இரசாயன உரத்தைத் தடைசெய்து, சில மாதங்களில் அதனை மீளப்பெற்ற விந்தையை உழவர் மறந்திலர்.

மந்தையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மேற்கு ஆபிரிக்க நாடுகள் தம் எல்லைகளைக் கடந்து மேயும் மந்தைகளின் வழியுரிமையை 1998இல் உடன்படிக்கையாக ஏற்றன. இங்கோ, மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர் தம் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் வீதியோரத்திற் போராட்டம் தொடங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் உழவரும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடியும் நாளும் குறிக்கப்படுகின்றன. மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்ற வேண்டிய நாளும் அங்கேயே குறிக்கப்படுகிறது. அகற்றிய மாடுகள் எத்தரவைக்குச் செல்வது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அக்கூட்டத்துக்கு இல்லை. அவ்வதிகாரம் கச்சேரியின் வரைபடங்களிலும் வர்த்தமானியிலும் இருக்கிறது.