ஜிகா வந்த எல்லை ஊர்: ஒரு வைரஸுக்கு எத்தனை துறை? இளம் ஆராய்ச்சியாளருக்கு யார் பணம் தருகிறார்கள்?

பனச்சமூடு கேரள - தமிழ்நாடு எல்லையில் இருக்கும் ஊர். கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்துதான் காதில் விழும். இதே எல்லையோரப் பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்குத்தான் 2021 ஜூலையில் கேரளாவின் முதல் ஜிகா தொற்று உறுதியானது. அவர் வெளியூர் எங்கும் போகவில்லை. அப்போ, வைரஸ் உள்ளூர்க் கொசுக்களிலேயே இருந்திருக்கிறது. மாதிரிகள் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போயின. தமிழ்நாடும் எல்லை மாவட்டங்களில் கண்காணிப்பை முடுக்கியது.

ஒரு வைரஸுக்கு ஏன் இத்தனை பேர்?

ஜிகாவும் டெங்குவும் ஒரே குடும்பம். பரப்புவதும் ஒரே ஏடிஸ் கொசு. ஆன்டிபாடி சோதனை இரண்டையும் குழப்பிவிடலாம். ஆர்டி-பிசிஆர் தெளிவாகச் சொல்லும்; ஆனால் ரத்தத்தில் வைரஸ் சில நாட்கள்தான் இருக்கும். ஆக, தடிப்பைப் பார்த்ததும் சந்தேகப்படும் மருத்துவர் வேண்டும். மூலக்கூறு உயிரியலாளர், கொசுவைப் பிடித்து ஆராய்பவர், மரபணு வரிசையைப் படிப்பவர், பரவலைக் கணக்கிடும் புள்ளியியலாளர் என எல்லோரும் வேண்டும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே தோன்னக்கல்லில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட வைராலஜி நிறுவனம், இவர்களை ஒரே வளாகத்தில் உட்கார வைக்கும் முயற்சி.

ஒரு மாணவி, ஒரு ஃப்ரிட்ஜ்

இளம் ஆராய்ச்சியாளருக்கு ஆதரவு என்றால் என்ன என்பதற்கு நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா. எச்.ஐ.வி.யைத் தேடலாம் என்று யோசனை சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். நிர்மலா 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால், கணவருடன் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். 1986-இல் அங்கே 6 மாதிரிகள் பாசிட்டிவ். அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

அவருக்குக் கிடைத்தது ஒரு பேராசிரியரின் நம்பிக்கையும் வேறொரு நிறுவனத்தின் கருவியும்தான். 1987-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, கிண்டி கிங் நிறுவனத்தில் தடுப்பூசிப் பணிக்குப் போய்விட்டார். அந்த ஆய்வைத் தொடர வைக்க ஒரு ஃபெல்லோஷிப் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது என்ன இருக்கிறது?

நெட் வழியாக வரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் தேர்வுத்தாள் உயிர் அறிவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புவி அறிவியல் என்றுதான் பிரிந்திருக்கிறது. கொசுப் பரவலுக்குக் கணித மாதிரி எழுத நினைப்பவர் முதல் படியிலேயே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கால்நடை மருத்துவருக்கோ பாதையே வேறு.

பிஎச்.டி. முடித்த பிறகுதான் உண்மையான பள்ளம். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் இளம் ஆய்வாளர் நிதி, மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் கையில் நிரந்தர வேலை இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். இன்ஸ்பயர் ஃபாகல்டிக்கு வேலை வேண்டாம், ஆனால் பொதுப்பிரிவுக்கு 32 வயதோடு கதவு மூடிவிடும். எம்.பி.பி.எஸ்., எம்.டி., அப்புறம் ஆராய்ச்சி என்று வருபவர் அதற்குள் எங்கே முடிப்பார்?

இந்தப் பள்ளத்துக்கு ஓரளவு பொருந்துவது, 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸின் தொடக்கநிலை ஃபெல்லோஷிப். மத்திய உயிர்தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது. ஐந்து ஆண்டு, வயது வரம்பு கிடையாது, மருத்துவருக்கும் பொது சுகாதாரத்துக்கும் தனி வழி உண்டு. இதன் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் திட்டத்தை அனுமதித்தது. அதில் 1,000 கோடி அரசுடையது, 500 கோடி வெல்கமுடையது.

பணம் தாண்டி இன்னொரு சிக்கல் உண்டு. வைரஸ் ஆய்வுக் கட்டுரையில் இருபது முப்பது பெயர்கள் சாதாரணம். கொசுவைப் பிடித்த இளைஞரின் பெயர் நடுவில் எங்கோ இருக்கும். வேலைக்குத் தேர்வு செய்யும் குழுவோ முதல் பெயரையும் கடைசிப் பெயரையும்தான் பெரும்பாலும் பார்க்கிறது.