கில்ரஷ் துறையும் கௌவர் வீடும்: எலிசபெத் குரொட்டியின் கான்செர்டினா வந்த வழி

அயர்லாந்தின் மேற்கோரம் கிளேர் மாவட்டத்துக்குள் கான்செர்டினா என்ற சிறு துருத்திப் பெட்டி எப்படி நுழைந்தது என்ற கேள்விக்கு இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கும் விடை கரோட் ஓ ஹால்வுரானுடையது. கிளேரின் கான்செர்டினா மரபையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர் அவர். தாமே அக்கருவியை வாசிப்பவர். பேடி மர்ஃபியிடம் நேரில் கற்றவர். மாவட்டத்தை நான்கு வாசிப்பு வட்டாரங்களாகப் பிரித்துக் காட்டியது அவர் செய்த பெரும் பணி. அதன்மேல்தான் நாம் எல்லோரும் நிற்கிறோம். ஆனால் கருவி வந்த வழியைச் சொல்லும்போது அவர் ஷானன் ஆற்றுக் கழிமுகத்துக்கு முதலிடம் தருகிறார். லிமெரிக்குக்குப் போகும் கப்பல்கள், அவற்றுக்கு வழிகாட்டிய படகோட்டிகள், கில்ரஷ் துறை என்று அந்தச் சித்திரம் விரிகிறது. இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

அவர் வாதம் கவர்ச்சியானது என்பதை மறுக்க முடியாது. மாலுமியின் கையில் அடங்கும் சிறு பெட்டி, துறையில் இறங்கும் பாட்டு, கரையோரக் குடும்பங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அதற்குத் துணைநிற்பது போல, மேற்குக் கிளேரின் மிகப் புகழ்பெற்ற கான்செர்டினாக் கலைஞரும் கில்ரஷ்காரராகவே அறியப்படுகிறார். எலிசபெத் குரொட்டி 1914-ல் மிக்கோ குரொட்டியை மணந்தபின் அவ்வூர்ச் சந்தைச் சதுக்கத்து மதுக்கடையில் வாழ்ந்தவர். ‘மிசஸ் குரொட்டி’ என்றால் கில்ரஷ் என்றே ஆகிவிட்டது.

ஆனால் அவர் கருவியைக் கற்றது கில்ரஷில் அன்று. 1885-ல் கூரக்ளேர் அருகே கௌவர் என்ற சிற்றூரில், மார்க்கம் என்ற வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தாய் ஃபிடில் வாசிப்பவர். வீட்டில் முதலில் கான்செர்டினாவைத் தொட்டவர் அக்காள்; தங்கை அதிலேயே பழகினார். கடலோ கப்பலோ இந்தக் கதையில் எங்கும் தலைகாட்டவில்லை. மணமாகித் துறைமுக ஊருக்கு வந்தபோது இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுப் பெண்ணாக, தேர்ந்த கையோடு வந்தார். கில்ரஷுக்கு இசை கொண்டுபோனவர் அவர். அங்கிருந்து பெற்றவர் அல்லர்.

கப்பலில் சரக்காக வந்தது வேறு, மாலுமி கையில் வந்தது வேறு. முதலாவதை நான் மறுக்கவில்லை. லிமெரிக்கிலிருந்து நீராவிப் படகில் மூட்டைகள் வந்த காலம் அது. அவற்றில் இசைக்கருவிகள் இருந்திருக்கலாம். 1892-ல் கில்ரஷுக்கும் கில்கீக்கும் இருப்புப்பாதையும் வந்து சேர்ந்தது. சரக்கு என்றால் கடை; கடை என்றால் விலை கொடுத்து வாங்குபவர். அந்நாளைய அயர்லாந்துப் பண்ணை வீட்டில் கோழி முட்டை விற்ற காசு பெண்ணின் கைக்காசு. மேற்குக் கிளேரில் ஐரிஷ் மொழியில் இக்கருவிக்குப் ‘பெண் அக்கார்டியன்’ என்று பொருள்படும் பெயர் வழங்கியது. மாலுமிகள் பரப்பிய கருவிக்கு ஊரார் ஏன் பெண்ணின் பெயரைச் சூட்டினார்கள்? நீர்வழிக் கருத்து இதற்கு நேரான விடை தருவதில்லை.

நான் கையில் எடுத்துப் பார்த்த பழைய கருவி ஒன்று இவ்விடத்தில் பேசுகிறது. லண்டன் லாஷனால் நிறுவனத்தார் செய்தது. அறுமுகப் பெட்டி, எலும்புப் பொத்தான், தேய்ந்து பளபளத்த தோல்வார். அதன் மர முகப்பில் வணிகக் குறியோடு ‘ஆங்கிலேயத் தயாரிப்பு’ என்ற இரு சொல் முத்திரை அழுந்தியிருக்கிறது. விரலால் தடவினால் இன்றும் பள்ளம் தெரிகிறது. லாஷனால் கருவிகளில் இது அரிதான குறியன்று. அதனாலேயே யாரும் அதில் கண்ணை நிறுத்துவதில்லை. இம்முத்திரை யாரை நோக்கிப் பேசுகிறது? பக்கத்திலேயே மலிவான ஜெர்மன் பெட்டி அடுக்கியிருக்கும் கடையில் நின்று, எதை வாங்குவது என்று தடுமாறுபவரை நோக்கி. கெம்னிட்ஸ் நகரத்து ஊலிக் 1834-ல் தொடங்கிவைத்த ஜெர்மன் வகைதான் அழுத்தினால் ஒரு சுரமும் இழுத்தால் வேறொரு சுரமும் தருவது. அந்த அமைப்பையே எடுத்துக்கொண்டு உறுதியாகச் செய்து விற்றார்கள் லண்டன்காரர்கள். இரு தயாரிப்பும் ஒரே சந்தையில் மோதியதன் வடு அந்த முத்திரை. ஒரு முத்திரையை வைத்து ஒரு மாவட்டத்தின் வரலாற்றை எழுதிவிட முடியாது. ஆனால் அது கடையின் மொழி, துறையின் மொழி அன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

முத்திரையோடு இருக்கும் வரிசை எண்ணை வைத்து ஆண்டைச் சொல்லலாமே என்று கேட்கலாம். கான்செர்டினா செய்த மற்றொரு நிறுவனமான வீட்ஸ்டனின் பேரேடுகளில் பெரும்பகுதி லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1933-ல் மூடப்பட்ட லாஷனாலின் பேரேடுகள் அப்படிக் கிடைக்கவில்லை. எண்ணிலிருந்து பெறும் ஆண்டெல்லாம் உத்தேசமே.

டான் வொரால் 2009-ல் வெளியிட்ட இரு தொகுதி நூல், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்செர்டினா அயர்லாந்து முழுதும் பரவியிருந்ததைக் காட்டுகிறது. இதற்கு வலுவான சாட்சி வில்லியம் முலாலி. 1926-ல் அமெரிக்காவில் இசைத்தட்டில் பதிவான முதல் ஐரிஷ் கான்செர்டினா இவருடையது. ஊர், கடலே தொடாத வெஸ்ட்மீத் மாவட்டம். அதன் மேற்கெல்லையில் ஷானன் ஓடுகிறதே எனலாம். ஓடுகிறது, ஆனால் கடற்கப்பல் ஏறிவரும் கழிமுகம் அங்கிருந்து வெகுதூரம். எனவே கிளேர் கருவி வந்திறங்கிய இடம் என்பதைவிட, மற்ற ஊர்கள் கைவிட்டபோதும் கைவிடாத இடம் என்பதே பொருந்தும். 1935-ஆம் ஆண்டு நடனக் கூடச் சட்டம் வீட்டு நடனங்களை நெருக்கியபிறகும் அங்கே அது ஒலித்தது எப்படி என்பதே ஆராய வேண்டிய பொருள்.

ஓ ஹால்வுரானின் ஆசிரியர் பேடி மர்ஃபியே இதற்கு உதவுகிறார். உள்நாட்டுக் கானலி ஊரில் முலாலியின் இசைத்தட்டைக் கேட்டு, வரிசைவிட்டு வரிசை தாவும் விரல்முறையை உருவாக்கிக்கொண்டவர். 1956 என்னிஸ் இசை விழாவில் பரிசு பெற்றவர். அதே ஆண்டுகளில் வானொலியின் கியரன் மக் மஹூனா ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து குரொட்டியைப் பதிவு செய்தார். அப்பதிவுகளில் அலங்காரம் குறைவு. நடனமாடும் காலுக்குத் தாளம் தவறக்கூடாது என்ற ஒரே கவலை துருத்தியின் ஒவ்வோர் இழுப்பிலும் கேட்கிறது. ஆடுபவர்கள் நிறைந்த வீட்டில் கற்ற கை அது. 1954-ல் கோல்டஸ் இசைச் சங்கத்தின் கிளேர் கிளைக்குத் தலைவரானவர், 1960 டிசம்பரில் மறையும்வரை அந்தக் கையை மாற்றிக்கொள்ளவில்லை.

கௌவர் வீட்டில் அக்காளிடம் இருந்த பெட்டி வாங்கிய ஆண்டு ஒன்றுதான் முடிச்சாக நிற்கிறது. 1890-களின் நடுப்பகுதி என்பது என் கணிப்பு. அதற்குமேல் நெருக்கிச் சொல்லச் சான்று இடம் தரவில்லை. 1892-க்கு முந்தையது என்று தெரியவந்தால் இருப்புப்பாதையைப் பற்றி நான் சொன்னது விழும். கடையைப் பற்றிச் சொன்னது நிற்கும்.